தறி நின்ற மதியம்

பூங்காவனத்துக்கு நாற்பத்தாறு வயது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து, வேலூரில் கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடித்து ஆரணிக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. உடம்பு பாதியானது, வாய் மட்டும் குறையவே இல்லை. எதிர்வீட்டுக்காரி திலகவதி நான் சொல்கிறேன், நம்பலாம்.

அவள் கணவர் மாணிக்கவேல் பட்டுத்தறி நெய்பவர். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் இரண்டே பேர். இளநீர் வெட்டித் தருவார், துணி துவைப்பார், பாயை மட்டும் தறிக்குப் பக்கத்தில் தனியாக விரித்துக்கொள்வார்.

"சாமிக்குப் படைக்கிற மாதிரி எல்லாம் செய்யறாரு திலகா. தொட மட்டும் மாட்டேங்கறாரு," என்று ஒரு நாள் என்னிடம் அழுதாள். ரொம்ப நாள் அவளுக்கும் ஆசையே வரவில்லையாம். உள்ளே வறட்சி, வலிக்குமோ என்ற பயம். இப்போது ஆசை மெல்லத் தலைகாட்டுகிறது, இவரோ கிட்டவே வருவதில்லை. மீதிக் காலத்தை அண்ணன் தங்கச்சி போல ஓட்டிவிடுவோமோ என்று கலங்கிப் போயிருந்தாள்.

அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ஆளா அவள்? அடுத்த செக்கப்புக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போய், "எங்க வீட்டுக்காரரு என்னைத் தொடலாமான்னு நீங்களே சொல்லுங்க மேடம்," என்று டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தாள். மாணிக்கவேல் மேசைக்கு அடியில் புகப் பார்த்தாராம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: நோய் தொற்றாது, தொட்டால் திரும்பி வராது. வறட்சிக்கு ஜெல் எழுதித் தருகிறேன். அவசரமே வேண்டாம், வலித்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் மதியம் அவர்கள் வீட்டுத் தறி நின்றது. எங்கள் தெருவில் பகலில் ஒரு தறி கால் மணிக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்தால், நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்திருக்கும் என்று பொருள். கூப்பிடாமலே போய் இழை பிணைத்துக் கொடுப்போம். நானும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினேன்.

"பாவு அறுந்துபோச்சாண்ணா? கதவத் தொறங்க, ஜல்தியா பிணைச்சிரலாம்!"

உள்ளே ஏதோ உருண்டது. மாணிக்கவேல் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து, "ஒண்ணும் அறுந்துபோவலமா," என்றார். பின்னாலிருந்து பூங்காவனம் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். "போடி, நீ வர்றதுக்கு முன்னயே வலிச்சிச்சி, நிறுத்திட்டோம். அப்புறம் சும்மா கட்டிப் புடிச்சி பேசிகினு இருந்தோம். அதுல நீ வந்து பேஜார் பண்ணிட்ட," என்றவள் சட்டென்று முகம் வாடினாள். "மறுபடியும் நானேதான் கூப்பிடணுமா? அவரா வரமாட்டாரா திலகா?"

அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணி. என் வீட்டு வாசலில் நானும் பூங்காவனமும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எதிரே தறி நின்றது. மாணிக்கவேல் வாசலுக்கு வந்தார்.

"பூங்கா, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போறியா?"

காது இரண்டும் சிவந்திருந்தன. பூங்காவனம் கீரையை என் மடியில் கொட்டிவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கால் மணி கழித்து மூலைவீட்டு சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்தார். "இன்னாமா, தறி நின்னுபோச்சே, பாவு அறுந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க," என்று திருப்பி அனுப்பினேன்.

கீரை முழுவதையும் நானே ஆய்ந்து முடித்தேன். அதுவரை எதிர்வீட்டுத் தறி ஓடவே இல்லை.