சுத்தம் செய்த கேசட்டில் உறுமி இல்லை

அந்தக் கேசட்டின் அட்டையில் ஆங்கிலத்தில் தங்க நிற வரி ஒன்று இருந்தது. மூலப் பதிவை எடுத்துப் புதிய கருவிகளால் இரைச்சலை நீக்கிப் புதுப்பித்துத் தருகிறோம் என்பது அதன் பொருள். எனக்கு வயதாகிவிட்டது. அந்த வரியை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. எது இரைச்சல், எது இசை என்று முடிவு செய்ய இவர்கள் யார் என்று பல வருடங்கள் பலரிடம் கத்தியிருக்கிறேன். அப்படிக் கத்தியது யாரை மறைக்க என்று எனக்கு மட்டும் தெரியும்.

அது ஓர் ஆங்கிலக் குழுவின் ஆல்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. புரோகிரசிவ் ராக் என்பார்கள். சினிமாப் பாட்டைப்போல் பல்லவி, சரணம் என்று சட்டென்று முடியாது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். நடுவில் கிட்டாரும் டிரம்மும் ஓய்ந்து, ஆர்கன் மட்டும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் இழுத்துக்கொண்டிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், இங்கே மலேசியாவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில்தான் அதை முதலில் கேட்டேன். இசைத்தட்டு என் அறைத்தோழனான ஈப்போ சீனப் பையனுடையது. விடுமுறைக்குக் கிளம்ப அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மதியத்தில், இதை எனக்கு இப்போதே பதிவு செய்தாக வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. காலிக் கேசட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துக் கடைகளும் சாத்தியிருந்தன. என் பையில் ஒரு கேசட் இருந்தது. அது என்னுடையது இல்லை.

அது என் நண்பனுடையது. அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். நான் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் வாத்தியாராகப் படித்தேன். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். கோயில் திருவிழா வந்தால் உறுமி அவன் தோளுக்குப் போய்விடும். வளைந்த குச்சியை அவன் தோலில் வைத்துத் தேய்க்கும்போது வரும் அந்த முனகலுக்கு, காவடி எடுக்காதவர்களுக்கும் கால் நடுங்கும். ஒரு திருவிழாவில் வெளியூர் உறவினர் ஒருவர் அதைப் பதிவு செய்து கேசட்டை அவனிடம் கொடுத்திருந்தார். அவன் வாசிப்புக்கு இருந்த ஒரே பதிவு அது. கேட்க அவனிடம் ரெக்கார்டர் கிடையாது. "மச்சான், காலேஜ்ல மிஷின் இருக்கும்ல, ஒரு காப்பி எடுத்துக் குடுடா" என்று என்னிடம் தந்திருந்தான்.

அதன்மேல் ஆங்கிலப் பாட்டைப் பதிவு செய்தேன்.

ஊருக்கு வந்ததும், டேப் மிஷினில் சிக்கி அறுந்துபோய்விட்டது என்று அவனிடம் சொன்னேன். அவன் "பரவால்ல லா, அடுத்த திருவிழா வராமலா போவுது" என்றான். என் மேல் அவனுக்கு இருந்த மரியாதையை நினைத்தால் இப்போது அவமானமாக இருக்கிறது.

என்னுடையது பழைய ரெக்கார்டர். பழைய பதிவை முழுதாக அழிக்கும் சக்தி அதற்குப் போயிருந்தது. ஓசை பலமாக உள்ள இடங்களில் அது தெரியவில்லை. ஆர்கன் மட்டும் இழுக்கும் இடம் வந்தபோது, அதன் அடியிலிருந்து உறுமியின் முனகல் மெதுவாக எழுந்தது. முதல் முறை தனியாகக் கேட்டபோதே அது என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது அந்த இடத்தில் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஆர்கன் ஏறும்போது உறுமி ஏறியது. ஆர்கன் தயங்கும்போது உறுமியும் தயங்கியது. தற்செயல்தான். ஆனால் யாரோ உட்கார்ந்து யோசித்துச் சேர்த்ததைப்போல இருந்தது.

அந்த விடுமுறையில் ஒருநாள் அவன் என் வீட்டுக்கு வந்தபோது இந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. உறையை மாற்றியிருந்ததால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் அவன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தான்.

"டேய், இது உறுமிடா!"

"அப்படித்தான் தெரியுது" என்றேன்.

"வெள்ளக்காரனா வாசிக்கிறான்?"

"எங்கிருந்தாவது நம்ம ஆளப் பிடிச்சிருப்பான்."

"எவன்டா அவன், என் கை மாதிரியே இழுக்கிறான்! ரீவைண்டு பண்ணு, ரீவைண்டு பண்ணு!"

தன் வாசிப்பை வெளியிலிருந்து கேட்டுப் பழகாதவன். ஆர்கனுக்கு அடியில் தேய்ந்து வந்ததை அவனால் தனது என்று கண்டுகொள்ள முடியவில்லை. உண்மையைச் சொன்னால் டேப் அறுந்த கதை பொய் என்று தெரிந்துவிடும். அதனால் நான் ரீவைண்டு செய்தேன்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டைக் கேட்கவே என் வீட்டுக்கு வந்தான். தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் கல்யாணங்களுக்குக் கிட்டார், கீபோர்டு, டிரம் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் கூட்டி வந்து கேட்க வைத்தான். சில வருடங்களில் அவர்கள் சொந்தமாக ஒரு நீண்ட உருப்படி செய்தார்கள். நடுவில் எல்லோரும் நிறுத்திவிட, உறுமி மட்டும் தனியாக வரும். நான் கேட்டிருக்கிறேன். அந்த ஆங்கில ஆல்பத்தைவிட நன்றாக இருந்தது. இதை நட்புக்காகச் சொல்லவில்லை.

எண்பதுகளின் கடைசியில், நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகவும் கோலா சிலாங்கூர் கலைவிழாக் குழுவின் செயலாளராகவும் இருந்தேன். பொங்கலுக்கு ஊர்ப் பொது மண்டபமான டேவானில் மேடை நிகழ்ச்சி. இந்தப் பையன்களுக்கு இடம் கொடுக்கக் குழு ஒப்புக்கொண்டது. உறுமிக்கு மட்டும் மறுத்தது. குழுத் தலைவர் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவர் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் சீவியவர்தான். ஆனால் அதை அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"தம்பி, உறுமி சாவுக்கு, காவடிக்கு. டேவான்ல டாக்டர், லாயர் எல்லாம் குடும்பத்தோட வருவாங்க. அங்க போயி சாவு மேளம் அடிக்கப் போறியா?"

"காவடிக்கு முன்னால நீங்களும் ஆடுனீங்களே தலைவரே, போன வருசம்?" என்றான் நண்பன்.

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அது சாமி விஷயம். இது ஸ்டேஜு."

இந்த வகை மனிதர்கள்மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். கோயில் வாசலில் அந்தத் தோல் அதிர்ந்தால் இவர்களுக்குக் கண் சொருகும். அதே தோல் மேடைக்கு ஏறினால் அதை அடிப்பவனின் சாதி ஞாபகத்துக்கு வரும்.

நண்பன் விடவில்லை. "வெள்ளக்காரன் பாட்டுலயே உறுமி இருக்கு தலைவரே. பெரிய பேரு வாங்குன பாட்டு. வாத்தியார் வீட்டுல கேசட் இருக்கு, கேட்டுப் பாருங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். "அப்படியா வாத்தியாரே?"

"ஆமா தலைவரே" என்றேன்.

"சரி, அடுத்த கூட்டத்துல போட்டுக் காட்டு. இருந்தா ஏத்திடலாம். நான் ஒத்த பேச்சுக்காரன்."

வெளியே வந்ததும் நண்பன் என்னிடம் கேசட்டைக் கேட்டான். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் குழுவில் ரெக்கார்டர் கடைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு பதிவின்மேல் இன்னொன்று ஏறியிருப்பதைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். கேசட் பழசாகிக் கீச்சிடுகிறது, போட்டுக் காட்ட லாயக்கில்லை என்று சொல்லிவிட்டேன். விஷயம் அதோடு போகும் என்று நினைத்தேன். அவன் கிள்ளானுக்குப் பேருந்து ஏறிப் போய், பெரிய கடையில் புதிய பதிப்பை வாங்கி வந்தான். இரைச்சல் நீக்கிப் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு. கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அதை எனக்குக் காட்டினான். கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால ஒடைக்கணும்னு வச்சிருந்தேன்" என்றான்.

பாட்டு ஓடியது. தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். கிட்டார் ஓய்ந்தது. டிரம் ஓய்ந்தது. நண்பன் கையைத் தூக்கி, "இப்ப பாருங்க" என்றான்.

ஆர்கன் மட்டும் வந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டைப்போல அவ்வளவு சுத்தமாக வந்தது. நண்பனின் கை அப்படியே நின்றது. "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம் போவட்டும்" என்றான். பாட்டின் அந்தப் பகுதி முடிந்து டிரம் திரும்ப வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக நான் பேசியதில்லை. "இது அயோக்கியத்தனம். பழைய பதிப்புல இருந்துச்சு, என் காதால கேட்டிருக்கேன். சுத்தம் பண்றோம்னு சொல்லி எடுத்துட்டான்! அட்டையிலேயே எழுதியிருக்கான் பாருங்க, இரைச்சல நீக்கிட்டோம்னு!" அட்டையை எல்லோருக்கும் காட்டினேன். நம் ஆட்களின் உழைப்பை எடுத்துக்கொண்டு பிறகு அழித்துவிடுகிறார்கள் என்று முழங்கினேன். நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்றே எனக்குத் தோன்றியது.

தலைவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"அப்ப வெள்ளக்காரனுக்கே அது சத்தம்தானே வாத்தியாரே? அவனே வேணாம்னு தொடச்சுப் போட்டத நாம எதுக்குத் தூக்கி ஸ்டேஜுல வைக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரெக்கார்டர் கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நண்பன் கேசட்டை எடுத்து உறைக்குள் போட்டு, "வரேன் தலைவரே" என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் நடந்திருக்கக்கூடியது வேறு. எந்த வெள்ளைக்காரனும் சேர்க்காமலே, அசாம் ஜாவா லோரிக்காரனின் உறுமி அந்த ஆல்பத்துக்குள் உட்கார்ந்திருந்தது. கேட்ட எங்கள் யாருக்கும் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. உறுமி மேடைக்கு ஏறலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? அந்தச் சாட்சி என்னிடம் இருந்தது. என் பொய்தான் அதை இரைச்சலாக்கியது. கேசட் கம்பெனி எதையும் அழிக்கவில்லை.

தூக்கம் கெட்டு, அடுத்த ஞாயிறு அவனைத் தேடிப் போனேன். செம்பனை எண்ணெய் மில்லுக்கு வெளியே லோரிகள் வரிசையில் நின்றன. அவனுடைய லோரியின் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கேசட்டையும் கையில் கொடுத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

"அப்ப அது நானா?"

"நீதான்."

கொஞ்ச நேரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் கேட்டதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "நல்லா இருந்துச்சுல்லடா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ஏறு லோரில. இப்பவே தலைவர் வீட்டுக்குப் போவோம். நான் போட்டுக் காட்டுனா, ஏதோ ஒட்டிக் கொண்டாந்திருக்கான்னு சொல்லுவாரு. நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

"கூட்டத்துல அப்படிப் பேசிட்டு… நான் வாத்தியார்டா. ஊர்ல என்னா நெனப்பாங்க?"

"பொய் சொன்னான்னு நெனப்பாங்க. சொன்னியா இல்லியா?"

"கொஞ்சம் டைம் குடு."

"பொங்கல் வரைக்கும் இருக்கு, எடுத்துக்க" என்றான். அழித்ததற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. வரிசை நகர்ந்தது. அவன் லோரியைக் கிளப்பினான்.

நான் போகவில்லை. பள்ளியில் வேலை இருந்தது, குழுவில் வேலை இருந்தது, பொங்கல் வந்துவிட்டது.

விழா அன்று மாலை மைக் என் கையில்தான் இருந்தது. நாலு பையன்களும் மேடை ஏறினார்கள். வேறு உருப்படி வாசிப்பார்கள் என்று நினைத்தேன். அதே உருப்படியைத் தொடங்கினார்கள். நடுப்பகுதி வந்தது. கிட்டார் நின்றது, கீபோர்டு நின்றது, டிரம் நின்றது. உறுமி வரவேண்டிய இடத்தை அவர்கள் எதைக்கொண்டும் நிரப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாலு பேரும் அப்படியே நின்றார்கள். முதலில் டேவான் அமைதியாக இருந்தது. பிறகு யாரோ விசிலடித்தார்கள். "ஹோய், கரண்டு பில்லு கட்டலியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. கிட்டார் வைத்திருந்த பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பக்கவாட்டுக் கதவருகே நண்பன் நின்றுகொண்டிருந்தான். அவனும் என்னைத்தான் பார்த்தான்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். மைக் வாயருகில் இருந்தது.

"ஒலிபெருக்கியில் ஒரு சிறிய கோளாறு. பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

பையன்கள் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கி வாசித்து முடித்தார்கள். கைதட்டல் வந்தது. கதவருகே நண்பன் இல்லை. அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. நானும் அவன் வீட்டுப் பக்கம் போகும் தைரியத்தை இழந்துவிட்டேன். மேடையிலிருந்து இறங்கியபோது தலைவர் என் தோளில் தட்டினார்.

"நல்லா சமாளிச்சீங்க வாத்தியாரே."

"நன்றி தலைவரே" என்றேன்.