முனிரத்தினம் திருத்திய சொல்

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் ஜட்கா ஓட்டும் பெருமாள்தான் சொன்னார். "கோர்ட்டு முனிரத்தினம் ஐயா போயிட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்க. உங்களுக்குத் தந்தி குடுக்க விலாசம் தெரியலீங்களாம்." மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருந்தேன். இத்தனை வருஷம் அடுத்த மேஜையில் இருந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 

அவருடன் பழகியவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முனிரத்தினம் எங்கள் தாலுகா கோர்ட்டில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா. பிறந்த வீட்டில் தெலுங்கு, மனைவி சரோஜம்மா வழியில் கன்னடம், வெளியே தமிழ். சாட்சி எந்தப் பாஷையில் பேசினாலும் இங்கிலீஷில் எழுதுவார். அதே கூடத்தில் உட்கார்ந்து அதை நான் டைப் அடிப்பேன்.

ஒரு வரப்புத் தகராறில் மிராசுதார் சொன்னதற்கு 'ஸ்டேட்ஸ்' என்றும், அவர் நிலத்தில் உழுதவர் சொன்னதற்கு 'அலெஜஸ்' என்றும் போடச் சொன்னார் ஒரு வக்கீல். முதலாவது வெறுமனே சொல்வது. இரண்டாவது, நிரூபணம் இல்லாமல் சொல்வது. முனிரத்தினம் இரண்டு இடத்திலும் 'ஸ்டேட்ஸ்' என்றே எழுதினார். வக்கீல் கோபித்தபோது, "ரெண்டு பேரும் ஒரே கூண்டுலதானேங்க ஏறி நின்னாங்க" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "நமக்குச் சொன்னான்னா சொன்னான், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் சொல்றவனை நம்பறானா இல்லையான்னு அந்த வார்த்தையிலேயே காட்டிடறான். அதனாலதான் எனக்குப் பயமா இருக்குது."

அப்படிப் பயந்தவருக்கே ஒரு நாள் கை தவறியது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். வத்தல்மலையிலிருந்து மாதி என்ற பெண்ணைக் கைக்குழந்தையோடு கொண்டுவந்திருந்தார்கள். ரிசர்வ் காட்டில் மரம் வெட்டியதாக வழக்கு. மாஜிஸ்திரேட் கடற்கரை ஜில்லாவிலிருந்து புதிதாக வந்தவர். மலைக்காரர்களின் தமிழ் அவருக்குப் புரியாது. மாதி தலை குனியாமல் சொன்னாள். "வெட்டுனது நாந்தானுங்க. மழையில கூரை சரிஞ்சிருச்சி. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வூட்டுக்கு மரம் அங்கதான் வெட்டறோம். அது எங்க பாத்தியமுங்க."

அன்று அவளுடையது கடைசி வழக்கு. முனிரத்தினம் களைத்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்ற பொருளில் 'கன்ஃபெஸஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டு மாத ஜெயில். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "அவ எதையும் ஒளிக்கலீங்களே. பாத்தியம்னு சொன்னா. அது 'கிளெய்ம்', உரிமை கேக்கறது. அப்படி எழுதியிருந்தா, பாத்தியம் உண்டா இல்லையான்னு விசாரிச்சுத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கணும். நான் பாதியை முழுங்கிட்டேன்" என்றார்.

கோர்ட் கூடியதும், எல்லோர் முன்பாகவும் எழுந்து அதையே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். தீர்ப்பில் கையெழுத்தாகிவிட்டது, இனி இதைக் கிளறினால் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று பதில் வந்தது. மேல் கோர்ட்டுக்கு அனுப்ப ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'கன்ஃபெஸ்' என்று போட்டிருந்தார். "தெரிவிக்கிறேன்னு 'டிக்ளேர்' போடலாமே, கொஞ்சம் கௌரவமா இருக்கும்" என்றேன். "வேண்டாங்க. ரெண்டு நாள் தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்தேன். இந்த வார்த்தை எனக்குத்தான் பொருந்தும்" என்றார்.

அடுத்த வரியில், தவறு தன்னுடையது மட்டுமே, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தார். அதை டைப் அடித்தபோது என் விரல்கள் நின்றன. மாதி பாத்தியம் என்று சொன்னதை நானும் என் காதால் கேட்டிருந்தேன். கேட்டும் அவர் எழுதித் தந்ததை அப்படியே அடித்தேன். அவர் கடைசிவரை அதை என்னிடம் கேட்டதில்லை. அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மேல் கோர்ட் உத்தரவு வந்து, பதினோராம் நாள் மாதி விடுதலையானாள். மறு விசாரணையில் மலையிலிருந்து பெரியவர்கள் வந்து, வீடு கட்ட மரம் எடுக்கும் வழக்கத்தைச் சொன்னார்கள். வழக்கு தள்ளுபடியானது. முனிரத்தினத்துக்கு வர வேண்டியிருந்த தலைமை குமாஸ்தா பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

வேறொன்றுதான் அவரைத் தைத்தது. விடுதலையான பிறகு மாதி கோர்ட் வாசலில் அவரைத் தேடி வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். "எழுதறப்பவே என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முதல் ஒவ்வொரு சாட்சியிடமும், "நான் எழுதினதை உங்க பேச்சுல திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று சொல்லிக் காட்டாமல் தாளைத் தரமாட்டார். வேலை இழுக்கிறது என்று வக்கீல்கள் முணுமுணுத்தார்கள். ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் நான்கு தடவை திருத்தினார். நான்கு தடவையும் முனிரத்தினம் அடித்து எழுதினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம்தான். ஒருவரைப் பற்றி எழுதினால், அது யாருக்கு உரியதோ அவருக்குப் படித்துக் காட்டாமல் வெளியே விடுவதில்லை. இதையும் நேற்று சரோஜம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதாங்க. ஆனா அவருக்குக் கோவம் வருமுங்களே, அதை எழுதலியே" என்றார். "அதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன். "உப்பு கொறைஞ்சா தட்டைத் தள்ளிடுவாரு. அப்புறம் அவரே வந்து உக்காந்து அதே தட்டுல சாப்பிடுவாரு. போடுங்க. இல்லாட்டி இது வேற யாரோ ஆயிடும்."

போட்டுவிட்டேன்.