கரியர் இல்லாத சைக்கிள்

பிழை என்னுடையதுதான். இத்தாலியில், உஸ்திகா தீவின் சின்னத் துறைமுகத்தில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் மனிதர் எத்தனை வேண்டும் என்று கேட்டபோது, ஒன்று என்றேன். அவர் என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். ஒன்று காணும், அதுவே போதும் என்று விரலைக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் புருஷனும் பெண்சாதியும் கலியாண வீட்டுக்கு இரண்டு சைக்கிளில் போனால், இவர்களுக்குள் ஏதோ சண்டை என்றுதான் சனம் நினைக்கும். ஒருவர் மிதிப்பார், மற்றவர் பின்னால் கரியரில் இருப்பார். அன்றைக்கு யார் மிதிப்பது என்பதையும் நான் படகிலேயே தீர்மானித்திருந்தேன். நான் நோயாளி. கரியர் எனக்கு.

அதற்கு ஐந்து மாதம் முன்பு என் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நாங்கள் இருக்கும் பலேர்மோவுக்குப் பக்கத்தில், மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்தது. வைத்தியம் பார்த்த பெண் டொக்டர் கெட்டிக்காரி. எல்லாம் சரி, இனி நட, சைக்கிள் ஓடு, கடலில் நீந்து என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துப் பார்த்து ஏறினேன். பிறகு ஏறுகிற தொல்லையே வேண்டாம் என்று இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். இனி வேலைக்கு வரமாட்டேன் என்று முதலாளிக்கும் சொல்லியாயிற்று. ரிமோட்டை அமத்துவதும் மனைவிமேல் எரிந்து விழுவதுமே தொழிலாகிப் போனது. பயம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஓய்வு என்று சொன்னேன்.

மனைவி லிபெர்த்தா வீதியில் தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மாவைப் பராமரிக்கிறாள். சிஞ்ஞோரா என்றுதான் அவரைச் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு முழுநாள் லீவு. அந்த ஒரு நாளிலும் காலை நீட்டிப் படுக்காமல், என்னைப் பலேர்மோ துறைமுகத்துக்கு இழுத்துவந்து படகில் ஏற்றினாள். உஸ்திகாவில் ஒரு கறுப்புக் கடற்கரை இருக்கிறதாம், முழுக்க எரிமலைக் கல்லாம், சிஞ்ஞோரா இளவயதில் போய்க் குளித்தவவாம். அதை டிவியிலும் பார்க்கலாமே என்றேன். அவளுக்குக் காது கேட்கவில்லை.

சைக்கிள் வந்தது. தடித்த டயர், பளபளவென்று கியர், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கரியர் மட்டும் இல்லை. இன்னொரு சைக்கிள் கேட்டுப் பார்த்தேன். எங்களோடு படகில் வந்த ஒரு ஜெர்மன் கூட்டம் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெரிய நிம்மதி.

"நீர் ஓடிப் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இதிலை ஒரு கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கிறன்," என்றேன்.

"நீங்கள் ஓடுங்கோ. நான் நடந்து வாறன்."

"எனக்கு ஏலாது."

"ஏலாதெண்டு டொக்டர் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லிக்கொண்டு திரியுறியள்."

சைக்கிள்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் யார் வெல்லப்போவது என்று அவருக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கையின் உயரத்தை என் காலுக்கு அளவாகச் சரி செய்தார்.

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போவது நல்ல ஏற்றம். அதுவரை அவளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே வீதி சமமானதும் என்னை ஏற்றினாள். ஹாண்டில் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். அவள் என் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் கையை வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். தொடவில்லை.

"பிடியுமன்," என்றேன்.

"பிடிச்சா என்ரை கையிலை சாஞ்சிடுவியள். சிஞ்ஞோராவும் அப்பிடித்தான். கை பக்கத்திலை இருக்கெண்டு தெரிஞ்சாக் காணும்."

சிஞ்ஞோராவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, இனிக் கட்டில்தான் என்று பிள்ளைகளே முடிவு கட்டியிருந்தபோது, அவரைத் திரும்ப நடக்க வைத்தவள் இவள். அது எனக்குத் தெரியும். எப்படிச் செய்தாள் என்று நான் கேட்டதில்லை. குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது, அவ்வளவுதான் அவளுடைய வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த வேலை என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. "உனோ, துவே," என்று இத்தாலியனில் என் மிதிக்கு எண்ணிக்கொண்டு, செருப்புக் காலோடு, ஐம்பத்திரண்டு வயதில் அரை ஓட்டமாக வந்தாள். விழப்போகிறேன் என்று நான் நினைத்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கை இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஐந்து மாதம் ரிமோட்டோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

வீதியின் இரண்டு பக்கமும் கறுப்புக் கல்லால் அடுக்கிய முழங்கால் உயர மதில்கள். அதற்குள் பருப்புச் செடிகள், ஓரமெல்லாம் நாகதாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவில் கடல் நின்றது. எரிந்து கரியான ஒரு மலையின் மேல் இவ்வளவு பச்சை எப்படி முளைத்தது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே மிதித்தேன். ஒரு வளைவில் எண்ணும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் தூரத்தில் வீதி நடுவே நின்று, போங்கோ போங்கோ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. பயந்துவிட்டேன், அதை இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. பிரேக்கில் விரல் போய்விட்டது. பிறகு, அடிப்பதுதானே அதன் வேலை, அடிக்காவிட்டால் அல்லவா யோசிக்க வேண்டும் என்று தோன்றியது. விரலை எடுத்தேன். வீதி கடலை நோக்கி இறங்கியது, நானும் இறங்கினேன்.

அப்படி ஒரு கடற்கரையை நான் கண்டதில்லை. மணல் என்று ஒன்றும் இல்லை. கறுத்த கூழாங்கற்கள், ஒவ்வொன்றும் எண்ணெய் பூசினதுபோல் மினுங்கின. அலை திரும்பிப் போகும்போது அவ்வளவு கல்லும் சேர்ந்து உருண்டு, சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டது. கறுப்புக்கு மேல் நிற்பதால் தண்ணீர் நீலமும் பச்சையுமாகத் தெளிந்து கிடந்தது. சப்பாத்தைக் கழற்றி முழங்கால்வரை இறங்கி நின்றேன். குளிர்ந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்க்க மறந்துபோனேன்.

அவள் வந்து சேர நெடுநேரம் ஆனது. முகம் சிவந்து, வியர்த்து, கல்லில் தொப்பென்று இருந்தாள்.

"ஏன் கையை எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேகம் வந்திட்டுது. எனக்கு ஓட ஏலாமப் போச்சு."

சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஆசுப்பத்திரியாலை வந்த நாளிலையிருந்து நான் நித்திரை கொள்ளேல்லை. நீங்கள் கண் அயர்ந்த உடனை மூக்கடியிலை கை வைச்சுப் பாப்பன். விடியுமட்டும் அதுதான் வேலை. விடிஞ்சா சிஞ்ஞோராட்டை ஓடுவன்."

அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பயம் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஏற்றத்தில் சைக்கிளை நான் தள்ளினேன். பின்னேரப் படகு புறப்படுமுன்பே என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். படகு துள்ளியபோதும், யாரோ ஒருவருடைய பிள்ளை வீரிட்டு அழுதபோதும் அசையவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பலேர்மோ வந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்த படகுத் தொழிலாளி, இவளைக் கண்டு எழுப்பக் கையை நீட்டினார். நான் மறித்தேன்.

இவள் ஐந்து மாதமாக நித்திரை கொள்ளவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிறு சுற்றப் போனார்.