தலவாணியில் ஒட்டிய சுண்ணாம்பு

புங்க எண்ணெயின் வாசனை எல்லாருக்கும் பிடிக்காது. கசப்பாக, கொஞ்சம் கருகலாக, மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும் வாசனை அது. என் அத்தா வேலை முடிந்து வந்து வாசலில் சைக்கிளை நிறுத்துவதற்குள் அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்து அடுப்படி வரை போய்விடும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தைத் 'தோல் ஷாப்பு' என்பார்கள். அத்தா அங்கே பதனிட்ட தோலுக்கு எண்ணெய் போட்டு மெருகேற்றும் வேலையில் இருந்தார். எந்தத் தோல் பொருளைக் கண்டாலும் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்து, 'காஞ்சு கெடக்கு' என்றோ 'நல்லா வச்சிருக்காங்க' என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல் அவரால் கடந்து போக முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கைப்பையைத் தேய்த்துப் பார்த்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் என் அண்ணன் சிராஜ் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அந்த வருஷம்தான் அவர்கள் கல்லூரியில் பேஸ்பால் ஆட்டம் வந்தது. ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. மணல் நிரப்பிய மூன்று சாக்கு மூட்டைகளை மூன்று மூலையில் போட்டு, நாலாவது மூலைக்கு லாரி டயரை வெட்டி ஒரு பலகை மாதிரி பதித்து, நடுவே வெள்ளைக் கோடு போட்டு, பையன்கள் உருண்டை மட்டையைச் சுழற்றிக்கொண்டு நின்றால், மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, 'என்னப்பா, கம்பை வச்சு ஈ ஓட்டுறீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அத்தா அதற்கு வைத்த பெயர் 'பெரிய கில்லி'. அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மாவிடம், "எங்க உம் மகன்? பெரிய கில்லி அடிக்கப் போயிட்டானா?" என்பார்.

அண்ணன் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எறிகிற பந்தைப் பிடிக்கிற ஆள். மற்றவர்கள் போடுகிற தோல் கையுறையை விட அவன் போடுவது இரண்டு மடங்கு தடிமனாக, உள்ளே பஞ்சு வைத்து, உப்பிப்போய் இருக்கும். அதற்குப் பையன்கள் வைத்த பெயர் 'தலவாணி'. கல்லூரிக்கே அந்த ஒரு தலவாணிதான். மற்ற கையுறைகளும் ஐந்துதான் இருந்தன. ஆடுவது ஒன்பது பேர் என்பதால் மூன்று பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். எதிரணிக்கும் பெரும்பாலும் அதே கதிதான். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். தங்கள் முறை முடிந்து மட்டை பிடிக்கப் போகும்போது கையுறையைக் கழற்றி நின்ற இடத்திலேயே தரையில் போட்டுவிட்டுப் போவார்கள். எதிரணிக்காரன் வந்து அதையே எடுத்து மாட்டிக்கொள்வான். சண்டைக்காரர்கள் போல் கத்திக்கொண்டே ஒருவர் வியர்வைக்குள் ஒருவர் கையை விட்டுக்கொள்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்தப் பருவம் முழுவதும் அண்ணன் சனிக்கிழமைதோறும் பழனி, தேனி, கரூர் என்று போய்ச் செம்மண் ஒட்டிய சட்டையோடு திரும்புவான். ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். இறுதிப் போட்டி எங்கள் ஊர் மைதானத்திலேயே என்று முடிவானபோது அத்தா சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"கப்பு வாங்கிட்டா ஆடு. படிச்சு முடிக்கிற மட்டும் நான் கேக்க மாட்டேன். தோத்துட்டா அந்தத் தலவாணியக் காலேஜுல குடுத்துட்டு, லீவு நாள்ல தோல் ஷாப்புக்கு வா. ஒரு வேல கத்துக்க."

"சரித்தா" என்றான் அண்ணன். அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. 'செத்த நேரம்' என்று படுத்தவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் அவன் அப்படி விரும்பி நான் பார்த்ததில்லை.

போட்டிக்கு நாலு நாள் முன்பு பயிற்சியின்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்து ஊறிப்போன தலவாணியை அண்ணன் மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டான். தோல்காரர் மகன் செய்யக்கூடாத காரியம் அது. இரண்டு நாளில் அது அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. விரலை மடக்கினால் முறுக்கு உடைவதுபோல் சத்தம் வந்தது. அத்தாவிடம் கேட்க அண்ணனுக்கு வாய் வரவில்லை. அத்தா மாடிப்படியில் ஏறும்போது அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். குனிந்து கட்டைவிரலால் தேய்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

நான் யாரோடும் பேசாத பிள்ளை. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நான் சொல்லும் 'உள்ளேன்' எனக்கே கேட்காது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அத்தா சைக்கிளை எடுத்தபோது, தலவாணியைச் சந்தைக்குப் போகும் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். துண்டை விலக்கிப் பார்த்தார்.

"அவன் குடுத்துவிட்டானா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஏறு" என்றார்.

அன்றைக்குத் தோல் ஷாப்பில் ஆள் இல்லை. அத்தா தலவாணியை மடியில் வைத்துக்கொண்டு, புங்க எண்ணெயைக் கையில் ஊற்றி, கைக்குழந்தைக்குத் தேய்ப்பது மாதிரி ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். மடக்கினார், நீவினார், மறுபடியும் ஊற்றினார். நேரம் போவதே தெரியாமல், போட வேண்டியதற்கு மேலாகவே போட்டுவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். கடைசியில் அது வாழைப்பூ மடல் மாதிரி வளைந்தது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லாத" என்றார். மறுநாள் காலையில் அண்ணன் அதைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இறுதிப் போட்டிக்கு வந்தது மதுரைக் கல்லூரி. நீலச் சட்டை, ஒன்பது பேருக்கும் ஒன்பது கையுறை. முறை முடிந்ததும் ஒன்றைக்கூடத் தரையில் போடாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் உட்காரும் பக்கம் நானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தோம். அத்தா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தார்.

எங்கள் அணியில் பந்து எறிகிறவன் தாடிக்கொம்புப் பக்கத்து முருகேசன்; கத்திரிக்காய்த் தோட்டத்துப் பையன், கல் எறிந்தால் கிளி தப்பாது என்பார்கள். அவன் எறிய, அண்ணன் பிடித்துத் திருப்பிப் போட, ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து சுற்றுக்குள் எங்கள் பக்கம் ஒரு ஓட்டம் முன்னிலை. திடீரென்று முருகேசன் எறிந்த பந்து கையை விட்டு வழுக்கி, மட்டைக்காரன் காதோரம் பறந்தது. அடுத்த பந்து தரையில் குத்தியது. மதுரைப் பையன் ஒருவன் பந்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"சார், பந்துல எண்ணெய் தடவிருக்காங்க!"

"டேய், பிரியாணி தின்னுட்டுக் கை கழுவாம வந்துட்டாய்ங்கடா!" என்று அவர்கள் பக்கமிருந்து ஒரு குரல் வர, மைதானமே சிரித்தது.

அம்பயர் ஒட்டன்சத்திரத்துக்காரர். பெரிய மீசை. பந்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு அண்ணன் கையிலிருந்த தலவாணியை வாங்கி அதையும் மோந்தார். அவர் விரலெல்லாம் பளபளத்தது.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க வேல? பந்து வழுக்கணும்னே பூசி வச்சிருக்கீங்களா? ஆட்டத்த நிறுத்தி அவங்களுக்குக் குடுத்துப்போடுவேன், தெரியுங்களா?"

"எனக்குத் தெரியாது சார்" என்றான் அண்ணன்.

"கைல மாட்டிருக்கறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

வேறு கையுறையை மாட்டிக்கொண்டு வா என்றார். இருந்த ஐந்தும் மெல்லிசு. முருகேசன் எறிவதை அதில் பிடித்தால் உள்ளங்கை பிளந்துவிடும். மதுரைக்காரர்களிடம் கேட்டதற்கு, தரமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவள் நான். எழுந்து சொல்ல வேண்டும், ஆனால் அத்தனை பேர் நடுவில் எனக்குக் குரல் எங்கே இருக்கிறது? தலையைத் திருப்பிக்கொண்டபோது, சுவருக்கு அந்தப் பக்கம், சைக்கிளின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்த அத்தாவைப் பார்த்தேன்.

எழுந்து ஓடினேன். கேட்டைச் சுற்றிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தா, எண்ணெயாலதான் சண்ட. அண்ணன ஏசுறாங்க."

அத்தா செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் நடந்தார். பள்ளிவாசலுக்குள் போவது மாதிரி. என் கையை விடாததால் நானும் நடு மைதானத்துக்குப் போனேன்.

"நாந்தான் சார் எண்ணெ போட்டேன். எம் மகனுக்குத் தெரியாது. தோலு காஞ்சு கெடந்துச்சு, மனசு கேக்கல. பந்துல ஒட்டும்னு எனக்குத் தோணல. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது."

அம்பயர் அவருடைய கைகளைப் பார்த்தார். நகத்தைச் சுற்றிக் கறுத்துப்போன அந்தக் கைகளைப் பார்த்தால் யாருக்கும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

"சரிங்க பெரியவரே. ஆனா இத வச்சு ஆட முடியாதுங்களே."

"செத்த நேரம் குடுங்க" என்றார் அத்தா.

குந்தி உட்கார்ந்து, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டிலிருந்து சுண்ணாம்புத் தூளை இரண்டு கையாலும் அள்ளினார். தலவாணியின் மேல் கொட்டி அழுத்தித் தேய்த்தார். தூள் எண்ணெயைக் குடித்து மாவாகத் திரண்டது. அதை உதறிவிட்டு மறுபடி அள்ளினார். மெருகு போட்ட தோலில் சுண்ணாம்பு பட்டால் கொஞ்ச நாளில் வெடித்துப் போகும். அத்தா வாழ்நாளெல்லாம் எந்தத் தோலுக்கும் செய்யாத கெடுதல் அது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். அம்பயர் புதுப் பந்தை அதில் தேய்த்து, விரலால் தடவி, மோந்து பார்த்துவிட்டு, "ஆடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு பந்தைப் பிடிக்கும்போதும் 'புஸ்' என்று வெள்ளையாகப் புகை கிளம்பியது. "ஏலே, பவுடர் போட்டு ஆடுறாங்கடா!" என்று பையன்கள் கத்தினார்கள்.

கடைசிச் சுற்று. எங்களுக்கு அப்போதும் அந்த ஒரே ஓட்டம்தான் முன்னிலை. மதுரையில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை எங்களுக்கு. அவர்களில் ஒருவன் இரண்டாவது மூட்டையில் நின்றான். மட்டைக்காரன் ஓங்கி அடித்தான். பந்து இடப்பக்கம் ஓட, வெறுங்கையோடு நின்ற எங்கள் பையன் எடுத்து வீசினான். நின்றவன் ஓடி வந்து, டயர் பலகையை நோக்கிச் சறுக்கி விழ, அண்ணன் பந்தைப் பிடித்து அவன் மேல் பாய்ந்தான். செம்மண் கிளம்பி இரண்டு பேரையும் மறைத்துவிட்டது. பலகையைத் தொடுவதற்குள் அண்ணன் கையுறை அவன் மேல் பட்டிருந்தால் அவுட்.

"தொட்டேன் சார்!"

"தொடவே இல்ல சார், பொய் சொல்றான்!"

புழுதி அடங்கியது. அந்தப் பையனின் நீலச் சட்டை விலாவில், வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு அச்சு.

"அது கோட்டுச் சுண்ணாம்பு சார், விழுந்ததுல ஒட்டிருச்சு" என்றான் அவன்.

அம்பயர் யோசித்தார். மெதுவாக மண்டியிட்டு, மீசை சட்டையில் படும்படி குனிந்து, விலாவை மோந்து பார்த்தார்.

"கோட்டுல ஏதுங்க புங்க எண்ணெ?" என்றபடி எழுந்து கையை உயர்த்தினார். "அவுட்!"

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபின் கோப்பையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அண்ணன் தட்டில் கறியை அள்ளி வைத்துவிட்டு, "ஆடு" என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் ஆடினான். அதனால்தான் விளையாட்டு ஆசிரியர் ஆனான். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். நான் பத்தாவதோடு நின்று, தையல் கற்று, இந்த ஊரிலேயே இருக்கிறேன். அத்தா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தலவாணி அவர் பயந்த மாதிரியே வெடித்துப்போய், கோப்பைக்குப் பக்கத்தில் கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் ரொம்ப நாள் இருந்தது. கட்டடத்தை மாற்றிக் கட்டியபோது அலமாரியோடு எங்கோ போய்விட்டது.

போன மாதம் அதே மைதானத்தில் அண்ணனுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடினார்கள். என்னையும் வரச் சொன்னான். ஒவ்வொரு பையனிடமும் சொந்தக் கையுறை. முறை முடிந்ததும் ஜிப் வைத்த பையில் போட்டு மூடிக்கொண்டார்கள். தரையில் யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின், இத்தனை வருஷம் சொல்லாததை அவனிடம் சொன்னேன். தலவாணியை அத்தாவிடம் கொண்டுபோனது நான்தான் என்று.

அண்ணன் சிரித்தான். "கூடைல வச்சு, துண்டப் போட்டு மூடித் தூக்கிட்டுப் போன. மாடில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்புறம் ஏண்ணே அம்பயர்கிட்ட தெரியாதுன்ன?"

"அத்தா பேரச் சொல்லவா? அவுக கை ஒரு தடவ அதுல படணும்னு எனக்கு அம்புட்டு ஆச பாப்பா. பட்டதே போதும்னு இருந்துச்சு."

குனிந்து, பக்கத்திலிருந்த வெள்ளைக் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இப்போதெல்லாம் பெயிண்டில் போட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

"என்ன, மோந்து பாக்குற?" என்றான் அண்ணன். "அவுட்டா இல்லையா?"

"அவுட்டுதாண்ணே" என்றேன். மைதானத்தின் அந்தக் கோடியில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.