நாத்தனார் படி

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் என் அண்ணனுக்கு மயக்கமே வந்துவிடும். பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். முன்னறை என் தையல் மெஷினுக்கு, சமையலறை அண்ணிக்கு, நடுவில் அண்ணன். யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று அவன் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டான். பஸ் ஓட்டுகிறவன், அங்கே போய் ஹாரன் அடித்துத் தீர்த்துக்கொள்கிறான்.

அண்ணி ஊர்க் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலையம் ஆற்றங்கரையில், ஊரிலேயே பள்ளமான இடத்தில் இருக்கிறது. ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர் தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டியில் வந்து விழும். அதில் குளோரின் கலந்து, மோட்டார் போட்டு, ஒரு மைல் தள்ளி நிற்கும் பெரிய டேங்குக்கு ஏற்ற வேண்டும். டேங்கிலிருந்துதான் எல்லார் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர். இந்தப் பெரிய வேலையைச் செய்கிற அண்ணியின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். சும்மா சொல்லவில்லை, ரவிக்கை அளவெடுக்கும்போது டேப்பை வைத்து நானே அளந்திருக்கிறேன்.

ஊரில் அவளுக்கு மேட்டுக்காரி என்று பெயர். எதைப் பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வைங்க" என்பாள், அதனால் வந்த பெயர். காரணம் இல்லாமல் அப்படி ஆகவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளம் வந்தது. பக்கத்துத் தெருக் கழிவறைக் குழிகளெல்லாம் நிரம்பி வழிந்து, தரையோடு தரையாக இருந்த சம்ப் மூடி வழியாக உள்ளே இறங்கிவிட்டது. அது யாருக்கும் தெரியாது. வெள்ளம் வடிந்ததும் ஊரே தண்ணீர் தண்ணீர் என்று பறந்தது. அண்ணி ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள். மூன்றாம் நாள் பாதி ஊர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதில் எங்கள் வீட்டுக் குட்டியும் ஒருத்தி. அண்ணியின் ஒரே மகள், அப்போது மூன்று வயது. நாலு நாள் அந்தச் சின்னக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அண்ணியைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"நான் போட்ட தண்ணி. என் கையால போட்ட தண்ணி."

குட்டி நன்றாகிவிட்டாள். அண்ணிதான் ஆகவில்லை. அன்றிலிருந்து மகளுக்குக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற்றி, அதற்கென்று ஒரு மூடி போட்ட கூஜாவில் ஊற்றி வைத்துத்தான் கொடுப்பாள். ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் நல்ல தண்ணின்னு குடுக்கறீங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் காய்ச்சிக் குடுக்கறீங்களே, இது என்ன நியாயம் அண்ணி?"

எனக்குப் பதில் சொல்லாமல் விட்டவளே இல்லை அவள். அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாயை அப்போதே ஊசி நூலால் தைத்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

சரி, மேட்டுக் கதைக்கு வருகிறேன். வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தாள். கழிவறையை நாலு படி உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டாள். குழிக்கு மேலே கழுத்து மாதிரி சுவர் எழுப்பி, வெள்ளம் வந்தால் கழிவு திரும்பி வராமல் குழாயில் ஒரு தடுப்பும் போட்டாள். அவசரத்துக்குப் போகிறவள் நாலு படி ஏறித் தெருவுக்கே தரிசனம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அளவு கேட்டுக்கொண்டு போனார்கள். இப்போது எங்கள் தெருவில் பதினோரு சிம்மாசனம் இருக்கிறது.

அடுத்தது நிலையம். மனு மேல் மனு போட்டாள். பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை. கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார். நல்ல மனிதர். சம்ப் மூடியை மூன்றரை அடி உயர்த்தித் தண்ணீர் புகாத மூடி போட்டுக் கொடுத்தார். மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மாதிரி மாற்றினார். ஜெனரேட்டரும் மின்சாரப் பேனல் போர்டும் வைக்க ஐந்தடி உயரத்தில் ஒரு மேடை கட்டச் சொன்னார். மேடை முடிந்ததும் அதன் சுவரில் பேனலை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று கொத்தனார் கேட்டார்.

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேல மாட்டுங்க!" என்றாள் அண்ணி.

இன்ஜினியர் தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார். கொத்தனார் அங்கேயே மாட்டிவிட்டார். எல்லாரும் போன பிறகு அண்ணி மேடையில் ஏறிப் பார்த்திருக்கிறாள். பேனலின் கைப்பிடி எட்டவில்லை! எம்பினாலும் விரல் நுனிதான் படுகிறது. மேட்டுக்காரி தன் வாயாலேயே கேட்டு வாங்கிய உயரம், இறக்கி மாட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பாள்? சத்தம் போடாமல் வீட்டிலிருந்து ஒரு மர ஸ்டூலைக் கொண்டுபோய் அங்கே வைத்துக்கொண்டாள். அந்த ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். தேவைப்படும்போது சொல்லிக் காட்டலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவது என் குட்டு. போன மழைக்காலத்தில் என் தையல் ஸ்டூலின் கால் உடைந்துவிட்டது. தைத்த துணிகளை மேல் கம்பியில் மாட்ட முடியவில்லை. நிலையம் வழியாக வந்தபோது அண்ணி வெளியே வால்வு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளுக்குத்தானே என்று அந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டால் நூறு கேள்வி கேட்பாள் என்று கேட்கவில்லை.

மறுநாளே மழை கொட்டித் தீர்த்தது. காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஏய், ஸ்டூலு எங்கடி?"

மெஷினை நிறுத்தினேன். "இங்கதான் அண்ணி... என்கிட்டதான்..."

"எடுத்துட்டு ஓடி வா. மேலே அணையத் திறந்துட்டாங்க. ரெண்டு மணிக்குள்ள ஆத்துத் தண்ணி இங்க வந்துடும். வந்துட்டா கெணத்த அடைச்சிடணும். அதுக்கப்புறம் டேங்குல இருக்கறதுதான் ஊருக்கு. டேங்கு காவாசிதான் இருக்கு. கரண்டும் போயிடுச்சு. ஜெனரேட்டருக்கு மாத்தற கைப்பிடி எனக்கு எட்டலடி!"

ஸ்டூலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். மழைத் தண்ணீர் ஏற்கனவே தெருவில் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. சிறு பாலத்துப் பக்கம் கால் வழுக்கியது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தேன். ஒரு கையில் கம்பத்தையும் ஒரு கையில் ஸ்டூலையும் பிடிக்க நான் என்ன சர்க்கஸ்காரியா? ஸ்டூல் ஜம்மென்று மிதந்து போனது. அதன் நாலு காலும் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போன மாதிரி இருந்தது.

வெறுங்கையோடு நனைந்த கோழி மாதிரி போய் மேடைக்குக் கீழே நின்றேன். மணி பதினொன்று. அண்ணி என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஸ்கூல்ல நானூறு பேர் தங்க வரப் போறாங்க. நம்ம குட்டியும் அங்கதான் இருப்பா. டேங்கு நெறையறதுக்கு ரெண்டரை மணி நேரமாவது ஆகும். இனிமே ஒரு நிமிஷம்கூட வீண் பண்ண முடியாது" என்றாள்.

சுற்றிலும் பார்த்தோம். டீசல் கேன் இருந்தது, ஆடியது. குளோரின் வாளி இருந்தது, அதுவும் ஆடியது. கரண்ட் போர்டுக்கு முன்னால் ஆடுகிற எதன் மேலும் நிற்க மாட்டேன் என்றாள். பெஞ்சு வயர்மேன் அறையில், அறைக்குப் பூட்டு. உதவிக்கு இருந்த ஃபிட்டரை டேங்க் வால்வுக்கு அனுப்பியாகிவிட்டது. கம்பால் தள்ளிப் பார்க்கலாம் என்றால், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் அசைகிற கைப்பிடி அது. நான் அண்ணியைவிட இரண்டு அங்குலம்தான் கூடுதல், மேடையில் ஏறிப் பார்த்தேன், எனக்கும் எட்டவில்லை.

எடுத்தவள் நான். தொலைத்தவளும் நான். துணியை இழுத்துச் செருகினேன், பேனலுக்குக் கீழே முட்டி போட்டுக் கையை ஊன்றிக் குனிந்தேன்.

"என்னடி பண்ற?"

"ஏறுங்க."

"நீ ஆடமாட்டியா?"

"ஆடமாட்டேன், ஏறுங்க!"

"அதுவும் சரிதான். பதினஞ்சு வருஷமா சொன்ன சொல்லுலேருந்து இம்மி நகராதவ நீ. நீயா ஆடப் போற?"

அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் அடங்கியதா பாருங்கள். ஷாக் அடிக்காமலிருக்கப் பேனலுக்கு முன்னால் போட்டிருந்த ரப்பர் பாயை எடுத்து, துணியால் துடைத்து, என் முதுகில் விரித்தாள். ரப்பர் கையுறையை மாட்டினாள். சட்டம் என்றால் சட்டம்தான் அவளுக்கு.

"செருப்ப கழட்டுங்க அண்ணி!" என்று கத்தினேன்.

கழற்றிவிட்டு ஏறினாள். நாலடி ஒன்பது அங்குலத்தில் அவ்வளவு கனம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை, அம்மாடி! கைப்பிடி டக்கென்று ஜெனரேட்டர் பக்கம் விழுந்தது. இறங்கினாள். ஜெனரேட்டரைக் கிளப்பினாள். பச்சைப் பொத்தானை அழுத்த மறுபடியும் ஏறினாள். மோட்டார் உறுமியது.

"இறங்குங்க!"

"கொஞ்சம் இரு, முள்ளு ஒரு இடத்துல நிக்கட்டும்."

"முள்ளு நிக்கறதுக்குள்ள நான் படுத்துடுவேன்!"

மேலே அவள் உடம்பு குலுங்கியது என் முதுகில் தெரிந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து குலுங்கினால் விழுந்து தொலைவோமே என்று பல்லைக் கடித்து அடக்கினேன்.

ஒரு மணிக்கு ஃபிட்டர் போன் செய்தார், டேங்க் முக்கால். இரண்டு மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆறு செம்மண் நிறத்தில் வேலியைத் தொட்டது. அப்போதுதான் ஃபிட்டரின் சத்தம் போனை விட்டு வெளியே வந்து விழுந்தது. "நெறைஞ்சிடுச்சு! வழியுது!" நான் கேட்காமலே குனிந்தேன். அண்ணி மூன்றாம் தடவையாக ஏறி மோட்டாரை நிறுத்தினாள், கிணற்று வால்வைத் திருகி அடைத்தாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு மேட்டுப் பாதை வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

அன்று ராத்திரி நிலையத்தில் நாலடித் தண்ணீர் நின்றது. மேடை நனையவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக் குழாயில் வரிசை. சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. எங்கள் குட்டி, இப்போது ஏழு வயது, அம்மாவிடம் வந்து தாகமாக இருக்கிறது என்றாள். கூஜா வீட்டில், வீடு தண்ணீரில். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவள் பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்தாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டாள். மஞ்சளாக மாறியது. குளோரின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். மறுபடியும் மஞ்சள். அப்புறம் ஒரு டம்ளரை நன்றாகக் கழுவி, நேராகக் குழாயில் பிடித்து மகளிடம் நீட்டினாள்.

குட்டி மடக் மடக்கென்று குடித்தாள். "இது நீ போட்ட தண்ணியாம்மா?"

"ஆமாண்டி, நான் போட்ட தண்ணி."

"இன்னொரு டம்ளர்."

அண்ணி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சந்தோஷமாகத்தான். டேங்குத் தண்ணீர் கிணறு தெளியும்வரை நாலு நாள் ஊருக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

வெள்ளம் வடிந்ததும் நெட்டை இன்ஜினியர் ஓடி வந்தார். நிலையத்துக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள், எழுதித் தருகிறேன் என்றார். அண்ணி மென்று விழுங்கிவிட்டு, "ஒரு படி வேணும் சார். பேனலுக்குக் கீழ" என்றாள். நடந்ததை நான்தான் விளக்கினேன், ஸ்டூலை எடுத்ததையும் சேர்த்து. அவர் தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கொத்தனார் எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

"எவ்வளவு முடியுமோன்னு சொல்லிடாதீங்க தாயி!" என்று கும்பிட்டும் விட்டார்.

அண்ணி என்னைப் பார்த்து, "கொஞ்சம் குனி" என்றாள். என் முதுகு உயரத்துக்கு அளவு எடுத்தார்கள். ஒன்றரை அடி. நிலையத்தில் எல்லாரும் அதை நாத்தனார் படி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பெருமை.

போன வாரம் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். அண்ணி மேடையில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியில் விரித்திருந்த ரப்பர் பாய் மேல் ஏறினாள். தினமும் இப்படித்தான் செய்கிறாளாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வயர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, சிமெண்டுப் படிதானே? செருப்போடவே ஏறலாமே?"

நான் வாசலில் நிற்பது அண்ணிக்குத் தெரியாது.

"என் நாத்தனார் முதுகுய்யா அது. செருப்புக் காலோட எப்படி ஏறுறது?" என்றாள்.