தெற்குத் தெரு முட்டையும் வடக்குத் தெரு மைதீன் பாயும்

என் ரிசர்ச்சை ரெண்டு பேரு சேந்து கெடுத்துட்டாங்க.

ரெண்டு பேருக்கும் சேத்து வயசு நூத்தி நாப்பத்தஞ்சு.

பத்து வருசம் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்போ எம்.எஸ்சி. நர்சிங் படிக்கேன். (பிள்ளைங்க ஹோம்வொர்க் எழுதும்போது நானும் பக்கத்துல உக்காந்து எழுதுதேன்.)

என் தீசிஸ் வயசானவங்களுக்கு வர்ற தளர்ச்சி பத்தி. எடை குறையும், கைப்பிடி பலம் போயிரும், நடை மெதுவாகும். வயசானா அப்படித்தான்னு நாம விட்டுருவோம். சத்தான சாப்பாடும் கொஞ்சம் உடற்பயிற்சியும் குடுத்தா தேறுவாங்களான்னு பாக்கணும்.

பேட்டைல ரெண்டு தெரு எடுத்தேன். தெற்குத் தெருக்காரங்களுக்கு மூணு மாசம் தினமும் முட்டை இல்லன்னா சுண்டல், கூடவே நான் சொல்லிக் குடுக்குற பயிற்சி.

வடக்குத் தெருவுல இப்போதைக்கு அளந்து வைக்கது மட்டும்தான். கடைசில ரெண்டு தெருவையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு அவங்களுக்கும் எல்லாம் குடுக்கணும்.

"அதுவரைக்கும் அந்தத் தெருவுல யாருக்கும் சொல்லிக் குடுத்துராதீங்க"ன்னு தெற்குத் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன்.

ரெண்டு தெருவுக்கும் நடுவுல ஒரு டீக்கடை இருக்குங்கிறத யோசிக்கல. (ரிசர்ச் மெத்தடாலஜி புக்குல டீக்கடை பத்தி ஒண்ணும் இல்ல.)

தெற்குத் தெருவுல சுடலைமுத்து அண்ணாச்சி. லேத் பட்டறைல வேலை பாத்து ஓய்ஞ்சவரு. சம்சாரம் தவறி ஒரு வருசம். மொதல்ல நான் பாக்கும்போது இடுப்புல வேட்டி நிக்காம பெல்ட் போட்டு இறுக்கி வச்சிருந்தாரு.

"காலைல என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?"

"டீ."

"மத்தியானம்?"

"பசிக்கலம்மா."

"ராத்திரி?"

"டீயும் பன்னும். போதும்லா."

கையை ஊணாம நாற்காலில இருந்து முப்பது செகண்டுல எத்தன தடவை எந்திரிக்காங்கன்னு ஒரு டெஸ்ட் உண்டு. அண்ணாச்சி நாலு தடவை எந்திரிச்சாரு. இவரு தேறுவாரான்னு எனக்கே நம்பிக்கை இல்ல.

ஆனா தேறுனாரு. ரெண்டாவது மாசமே பெல்ட்டைக் கழட்டிட்டாரு.

வாராவாரம் கேள்வி வேற.

"எம்மா, முழங்கால் வலி உள்ளவன் இத எப்படிச் செய்ய?"

"உங்களுக்கு முழங்கால் வலிக்கா?"

"எனக்கில்ல. சும்மா கேட்டேன்."

அடுத்த வாரம், "சுகர் உள்ளவன் சுண்டல் திங்கலாமா?"

"உங்களுக்கு சுகர் இல்லையே அண்ணாச்சி."

"இனிமே வந்துட்டா?"

('என்ன ஒரு ஆர்வம்'னு என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.)

போன மாசம் கடைசி அளவு எடுக்க வடக்குத் தெருவுக்குப் போனேன். மைதீன் பாய் வீடு. பெரிய காய்ச்சல்ல கிடந்து பிழைச்ச மனுசன். மொத தடவை கையை ஊணித்தான் எந்திரிச்சாரு, அதுவும் மூணே தடவை.

இப்போ கையை நெஞ்சுல கட்டிக்கிட்டுப் பதினோரு தடவை.

நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சு, கொஞ்ச நேரம் இருக்க வச்சுட்டு மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் பதினொண்ணு. எந்திரிக்கும்போதெல்லாம் "ஃபூ"ன்னு மூச்சை விடுதாரு.

"மூச்சை எதுக்கு பாய் இப்படி விடுதீங்க?"

"தம் கட்டிட்டு எந்திரிக்கக் கூடாதுல்லாம்மா. தலை சுத்தும்."

தெற்குத் தெருவுல நான் சொல்ற வசனம். ஒரு எழுத்து மாறல.

"இத உங்களுக்கு யாரு சொன்னா?"

பாய் சம்சாரத்தைப் பாத்தாரு. அவங்க அடுப்பைப் பாத்தாங்க.

"சுடலை ஒண்ணும் சொல்லலம்மா."

"நான் சுடலை பேரையே எடுக்கலையே பாய்."

விசயம் இதுதான். ரெண்டு பேரும் முப்பது வருசம் ஒரே பட்டறைல பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் குடுக்குற முட்டையோட இன்னொண்ணு வாங்கிட்டுப் போயி ஆளுக்கு ஒண்ணு தின்னுருக்காங்க. அப்புறம் டீக்கடைக்குப் பின்னாடி அண்ணாச்சி பயிற்சி வகுப்பு எடுத்திருக்காரு.

வகுப்புல வடக்குத் தெரு ஆளுங்க மொத்தம் ஏழு பேரு.

ரோட்டுக்கு வந்து ஸ்கூட்டில உக்காந்து அழுதேன். மூணு மாச வேலை. ஒப்பிட ஆள் இல்லன்னா தீசிஸே இல்ல.

யாரு சொன்னாங்களோ, அண்ணாச்சி வந்துட்டாரு. (வேகமாத்தான் வந்தாரு. அந்த அழுகையிலயும் அதைக் கவனிச்சேன்.)

"எம்மா, என்னால உன் படிப்பு போயிருமா?"

"சொல்லாதீங்கன்னு சொன்னேன்லா அண்ணாச்சி."

"சொன்ன. மொத வாரம் நானும் வாயத் தொறக்கல. ஆனா தனியா உக்காந்து தின்னா உள்ள எறங்கலம்மா. அவ போனதுல இருந்தே அப்படித்தான். மைதீன் எதிர்ல வந்து உக்காந்தான், எறங்குச்சு. அவன் பாத்துட்டு இருக்கையில நான் மட்டும் எப்படித் திங்க?"

பின்னாடியே பாயும் நடந்து வந்து நின்னாரு.

"ஏம்லே, அந்தப் பிள்ளைய அழ வச்சிட்டியே."

"நீதாம்லே காட்டிக் குடுத்த."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

என் ஃபார்ம்ல எத்தன முட்டை, எத்தன கிராம்னு கட்டம் கட்டமா இருக்கு. யாரு கூட சாப்பிட்டாங்கன்னு கேக்க ஒரு கட்டம் இல்ல.

கைடு மேடத்துக்குப் போன் போட்டேன். முழுசும் கேட்டாங்க. பாத்தா, சிரிக்காங்க.

"எதையும் மறைக்காத. நடந்தத நடந்தபடி எழுது. அந்த ஏழு பேரும் தேறிருக்காங்களா?"

"ஆமா மேடம்."

"அப்போ எதுக்கு அழுகை? கமிட்டில அனுமதி வாங்கி வேற ஊர்ல ஒப்பிட ஆள் எடுப்போம். ஆறு மாசம் தள்ளிப் போகும், போகட்டும். ஃபார்ம்ல அந்தக் கேள்வியையும் சேத்துக்கோ."

போன வெள்ளிக்கிழமை மைதீன் பாய் எட்டு மாசம் கழிச்சு ஜும்மாவுக்குத் தானா நடந்து போயிருக்காரு. பள்ளிவாசல் வாசல் வரைக்கும் அண்ணாச்சி கூடப் போனாராம். பாய் சம்சாரம்தான் போன் பண்ணிச் சொன்னாங்க. அன்னைக்கு முழுசும் எனக்குத் தீசிஸ் ஞாபகமே வரல.

அனுமதி வந்துட்டு. இன்னைக்கு சீவலப்பேரிக்கு டவுன் பஸ் ஏறுனேன். ஆத்தங்கரை, வயக்காடு. பேட்டைக்கும் அங்கனைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மொத வீடு. எழுபது வயசு இருக்கும், ஒரு அம்மா கதவத் தொறந்தாங்க. நான் பேரைச் சொல்லக்கூட இல்ல.

"நர்ஸம்மாதான? வா தாயி. எங்க அண்ணன் பேட்டைல இருந்து போன்ல எல்லாம் சொல்லிட்டாரு. நேத்தே நாங்க தொடங்கிட்டோம். மூச்சை விட்டுட்டுத்தான எந்திரிக்கணும்?"

(எந்த ஊருக்குப் போறேன்னு அண்ணாச்சிட்ட சொல்லித் தொலைச்சது நான்தான்.)

மக்களே, தாமிரபரணி ஓரமா சுடலைமுத்து அண்ணாச்சிக்குச் சொந்தக்காரங்க இல்லாத ஊரு ஏதாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. அவசரம்.