கடல் சாமந்திக்குக் கோழிப்பண்ணை வெளிச்சம்

அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு இன்னைக்குக் காலையிலதான் நாமக்கல் திரும்பினேன். செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே மீன் தொட்டியைப் பார்த்தேன்.

நான் ஆசையா வளர்த்த கடல் சாமந்தி, பூ மாதிரி விரியற கடல் உசுரு, வெள்ளை வெளேர்னு கெடக்குது. போகும்போது தேன் நிறத்துல இருந்துச்சுங்க.

"லைட்டை என்ன பண்ணுனீங்க?"ன்னு ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டேன்.

"லைட்டு அணைஞ்சா அது சுருங்கிப் போகுது புள்ள. பாவம், வெளிச்சம் பத்தலையாட்ட இருக்குதுன்னு டைமரை எடுத்துட்டு, ராத்திரி பகலா எரிய உட்டுட்டேன்."

கோழிப்பண்ணைக்காரருங்க. பொழுது சாஞ்சும் லைட்டு எரிஞ்சாத்தான் முட்டை கொறையாதுன்னு பழகின கை. அதே கணக்கைத் தொட்டியிலயும் போட்டுட்டாரு.

"அது ஒடம்புக்குள்ள இருக்கற பாசிதான் அதுக்குச் சோறு. எல்இடி வெளிச்சம் மிஞ்சுனா பாசி வெளிய போயிரும், நெறமும் அதோட போயிரும். அப்புறம் பட்டினிதான்"னு சொன்னேன். மனுசன் மொகமே செத்துப்போச்சு.

"பொழைச்சுக்குமா?"

தெரியலீங்க. வெளிச்சத்தைக் கொறைச்சு வச்சிருக்கேன். கோமாளி மீன் ரெண்டும் இன்னமும் அந்த வெள்ளைக்குள்ளயேதான் படுத்திருக்குது.

சாயங்காலம் பண்ணையிலிருந்து போன் பண்ணினாரு.

"ஏம் புள்ள, அது வெளுத்துப்போய்க் காட்டிக் குடுத்துருச்சு. கோழிக்கு வெளிச்சம் தாங்கலைன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

"முட்டை கொறையும்"னேன்.

"கொறையாட்டி?"

பண்ணை வச்சிருக்கறவங்க யாராச்சும் சட்டுனு பதில் சொல்லுங்க. பண்ணை லைட்டை அணைக்கறதா வேண்டாமான்னு அவரு இன்னும் சுவிட்ச் பக்கத்துலயே நிக்கறாராம்.